சேதத்தை எழுத வையுங்கள், தோழர்களே!

தேவதானம், சேத்தூர் தொடங்கி ராஜபாளையம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, கூமாபட்டி வரைக்கும் மலையடிவாரத்தில் வெள்ளாமை பார்க்கும் தோழர்களே! கீழராஜகுலராமன் பக்கத்துக் கரிசலில் வானத்தை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர்களே! ஊர் ஊராக ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கும் அண்ணன்மார்களே! இரண்டு பால்மாட்டை வைத்து ஒரு குடும்பத்தையே கரையேற்றும் அக்காமார்களே! இந்த ஆண்டு நாம் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், நின்று கேளுங்கள்.

நம் தலையெழுத்தைப் பாதிக்கும் இரண்டு தாள்கள் இந்த 2026-இல் எழுதப்படுகின்றன. முதலாவது, பேரிடர் நிவாரண விகிதம். வெள்ளத்திலும் வறட்சியிலும் பயிர் போனால் ஹெக்டேருக்கு எவ்வளவு, மாடு செத்தால் எவ்வளவு என்று மத்திய அரசு வகுத்திருக்கிற அளவுகோல் 2022-23 முதல் 2025-26 வரைக்குமானது. அந்தக் காலம் முடிகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கு நம் வயலின் விலை என்ன என்பதை இனி எழுதப்போகிற தாள்தான் சொல்லும். இரண்டாவது, பயிர்க் காப்பீட்டுப் பட்டியல். காட்டு விலங்கு அழித்த பயிருக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு உண்டு என்று 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. 2026 காரீப் பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வரவேண்டும். ஆனால் எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம், எந்தக் காப்பீட்டு அலகு என்று அறிவிக்க வேண்டியது மாநில அரசு. எதை வைத்து அறிவிப்பார்கள்? கடந்த ஆண்டுகளில் பதிவான சேதத்தை வைத்து.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள், தோழர்களே. பதிவான சேதம். நம் தோப்பில் யானை இறங்கிய இரவுகளில் எத்தனை எழுத்தில் ஏறியிருக்கிறது? காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போன மக்காச்சோளத்தில் எத்தனை ஏக்கர் ஏதாவது ஒரு அலுவலகத்தின் பேரேட்டில் இருக்கிறது? நமக்குள் டீக்கடையில் பேசினோம். தலையில் கை வைத்தோம். மறுநாள் மிச்சத்தைக் காப்பாற்றப் போய்விட்டோம். வனத்துறைக்கு மனு எழுதினால் ஓர் ஏக்கருக்கு 25,000 ரூபாய் உச்சவரம்புக்குள் இழப்பீடு உண்டு என்று தெரிந்தவர்கள்கூட, அலைச்சலை நினைத்து விட்டுவிட்டோம். விட்ட ஒவ்வொரு மனுவும் இன்று நமக்கு எதிராக நிற்கிறது. கோப்பில் சேதம் இல்லையென்றால் அரசின் கணக்கில் இந்தப் பகுதியில் யானையே வரவில்லை என்றுதான் பொருள்.

நம் ஊர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. பேரிடர் என்றால் நாடு எதை நினைக்கிறது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதை. தாமிரபரணி கரை உடைத்து ஓடியதே, அதை. அங்கே ஹெலிகாப்டர் வந்தது, மத்தியக் குழு வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள். வரவேண்டியதுதான். அங்கே பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் நமக்கு வரும் அழிவு அப்படி ஒரே நாளில் மாவட்டம் முழுவதையும் மூழ்கடிப்பதில்லை. மலையில் பெய்த மழையில் ஓர் ஓடை பெருகி நாலு பேர் வயலில் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். மாம்பூ எடுக்கிற நேரத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து ஒரு தோப்பின் வருமானம் முழுக்க உதிர்ந்துவிடும். யானை ஒரு ராத்திரியில் பத்து வருடத் தென்னையைக் குருத்தோடு சாய்க்கும். இடி விழுந்து ஒரு வீட்டின் ஒரே பசு சாகும். எதுவும் தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் பத்தாண்டு கூட்டிப் பாருங்கள், எத்தனை குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் மில்லுக்கும் போயிருக்கிறது என்று. சிதறி விழுகிற சேதத்தைப் பார்க்க ஆட்சிக்குக் கண் இல்லை. சிதறிக் கிடக்கிறவர்கள் ஒன்றாகப் போய் நின்றால்தான் அந்தக் கண் திறக்கும்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். கணக்குத் தெரியாமல் கோரிக்கை வைத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்பது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஏற்பட்டது. நம் மாநிலத்துக்கு அதில் முக்கால் பங்கு மத்திய அரசும் கால் பங்கு மாநில அரசும் போடுகின்றன. முழுக்க நாம் கட்டிய வரி. இந்த நிதியிலிருந்து, 2025-26 வரைக்குமான அளவுகோல்படி, பயிர் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால், இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, மா, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான். அதாவது ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இதற்குப் பெயர் இழப்பீடு இல்லை, இடுபொருள் மானியம். போன பயிரின் விலையைத் தருவதாக அரசு சொல்லவே இல்லை. அடுத்த விதைப்புக்கு விதையும் உரமும் வாங்கக் கை கொடுப்பதாக மட்டுமே சொல்கிறது.

சரி, அதையாவது பார்ப்போம். 17,000 என்பது ஏக்கருக்கு 6,880 ரூபாய் சொச்சம். நாற்று, நடவுக் கூலி, டிராக்டர் வாடகை, உரம் என்று வத்திராயிருப்புப் பக்கம் ஓர் ஏக்கர் நெல்லுக்கு நீங்கள் கையிலிருந்து போட்டது எவ்வளவு? உங்களுக்கே தெரியும். தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் இடைவெளியில் மா வைத்தால் ஹெக்டேருக்கு 100 மரம். 22,500 ரூபாயைப் பிரித்தால் மரத்துக்கு 225 ரூபாய். தென்னை 25 அடி இடைவெளியில் ஹெக்டேருக்கு 175 மரம் நிற்கும். மரத்துக்கு 130 ரூபாய்கூட வராது. ஒரு தென்னங்கன்றை வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, காண்டாமிருக வண்டிலிருந்து காப்பாற்றி, காய்ப்புக்குக் கொண்டுவர எத்தனை வருடம் ஆகும்! சப்பட்டை, பஞ்சவர்ண மாம்பழங்கள் விளைகிற ராஜபாளையத்துத் தோப்புகளை ஆக்கியவர்கள் இரண்டு மூன்று தலைமுறை உழைத்தவர்கள். அந்த உழைப்புக்கு மரத்துக்கு 225 ரூபாய் என்று எழுதியவர் தோப்பில் நின்று எழுதவில்லை.

அதே அளவுகோலில் பசு செத்தால் 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000. ஆடு ஒன்றுக்கு 4,000. பெரிய மாடு என்றால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வரை, ஆடு என்றால் 30 வரை. அதற்கு மேல் செத்தது கணக்கில் வராது. வெள்ளத்தில் ஒரு பட்டியே போய்விட்டால், முப்பத்தோராவது ஆட்டிலிருந்து ஆட்டுக்காரரின் சொந்த நட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா உலகெங்கும் போகிறது என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பாலைக் கறக்கிற மாடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு மாட்டுக்காரர்கள்தான். நல்ல கறவை மாட்டைச் சந்தையில் 37,500-க்கு வாங்கிவிட முடியுமா என்று மாட்டுத் தரகரைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் புயல், வெள்ளம், கடும் குளிர் ஆகியவற்றால் கால்நடை செத்தால் சந்தை மதிப்பில் 75 விழுக்காட்டை அரசு தருகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. அரசு காட்டில் மறுபடி கொண்டுவந்து விட்ட விலங்கோ, மத்தியச் சட்டம் பாதுகாக்கிற விலங்கோ மாட்டை அடித்தாலும் அதே திட்டத்தில் பணம் உண்டு. விலங்கைக் காப்பது நாட்டின் முடிவு என்றால், அதன் செலவும் நாட்டினுடையது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பெரிய பண்ணைக்காரர்களுக்கு இருக்கிற நியாயம் ஐந்து ஆட்டுக்காரருக்கு மறுக்கப்படலாமா?

விகிதம் கல்லில் செதுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். இது அடிக்கடி மாறியிருக்கிறது. முன்பு பயிர் பாதிக்குப் பாதி, 50 விழுக்காடு அழிந்தால்தான் நிவாரணம். 2015-இல் வட மாநிலங்களில் பருவம் தவறிய மழை கோதுமையைச் சாய்த்தபோது எழுந்த கொதிப்பில், அந்த ஏப்ரலில் 33 விழுக்காடு என்று இறக்கினார்கள். தொகையையும் ஒன்றரை மடங்காக்கினார்கள். 2021 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு, அன்றைய அரசு மத்திய அளவுகோலைத் தாண்டி, இறவைப் பயிருக்கு 13,500-ஐ 20,000 ஆக்கியது. மானாவாரிக்கு 10,000, பல்லாண்டுப் பயிருக்கு 25,000. இரண்டு ஹெக்டேர் என்ற வரம்பையும் தளர்த்தியது. 2023 பிப்ரவரியில் காவிரி டெல்டாவில் அறுவடை நெல் மழையில் சாய்ந்தபோதும் ஹெக்டேருக்கு 20,000 அறிவிக்கப்பட்டது. அதே 2023 டிசம்பரில், சென்னைப் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் 13,500-லிருந்து 17,000-ஆக உயர்த்துகிறோம் என்று அறிவித்தார்கள். பத்து மாதத்துக்கு முன்பு 20,000 கொடுத்த கை அது. ஆளும் கட்சி எது, எதிர்க்கட்சி எது என்பதல்ல என் பேச்சு. இரண்டு ஆட்சியிலும் 20,000 வந்திருக்கிறது, இரண்டு ஆட்சியிலும் வாதாடித்தான் வந்திருக்கிறது. டெல்டா விவசாயிக்குச் சங்கம் இருக்கிறது, குரல் இருக்கிறது, சாலையில் உட்காருகிற பழக்கம் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களிடம் நாம் கற்க வேண்டும்.

நமக்கும் நம் அனுபவம் இருக்கிறது. 2018-19-இல் படைப்புழு விழுந்து மக்காச்சோளம் குருத்தோடு போனதே, நினைவிருக்கிறதா? அதுவரை அந்தப் புழுவின் பெயரே நமக்குத் தெரியாது. முதலில் மருந்து அடியுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கரிசல் காடு முழுக்க விவசாயிகள் கருகிய குருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனபின், பூச்சித் தாக்குதலும் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. நிவாரணம் வந்தது. போதவில்லை, ஆனால் வந்தது.

அப்படியானால் யானை? மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் கடுங்குளிரும் இருக்கின்றன. காட்டு விலங்கு இல்லை. ஆனால் ஒரு மாநிலம் தன் மண்ணுக்கென்று சிலவற்றைத் தானே பேரிடராக அறிவிக்கலாம். நிதியில் 10 விழுக்காடு வரை அதற்குச் செலவிடலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை அப்படி அறிவித்தது. அதே 2024 மார்ச்சில் கேரளம் மனித-விலங்கு மோதலை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். இந்தப் பக்கம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். ஒரே காடு. ஒரே யானை. அது மேற்கே இறங்கினால் பேரிடர், கிழக்கே செண்பகத்தோப்பிலோ தேவதானத்திலோ இறங்கினால் வெறும் மனு என்பதை நாம் ஏன் ஏற்க வேண்டும்? கேரளம் செய்ததைத் தமிழ்நாடும் செய்யட்டும். நம் முதல் கோரிக்கை இது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். காடு நமக்கு எதிரி இல்லை. சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் வந்தது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. ராஜபாளையம் குடிக்கிற தண்ணீர் அய்யனார் கோவில் ஆற்றிலிருந்தும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்தும் வருகிறது. சாஸ்தா கோவில் அணையும் பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளும் நிறைவது அந்தக் காடு நிற்பதால். காடு போனால் நம் கண்மாய்க்கு வரத்து இல்லை. எனவே ஆத்திரத்தில் யாரும் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலியில் மின்சாரம் விடாதீர்கள். அதில் யானை மட்டும் சாகவில்லை. பக்கத்து வயல்காரன் செத்திருக்கிறான், தண்ணீர் பாய்ச்சப் போன சொந்தப் பிள்ளை செத்திருக்கிறது. சூரியசக்தி வேலி போடுவதற்கும் 2023-இல் விதி வந்துவிட்டது. பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடலாம், ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடிக்கலாம், ஒரு கிலோமீட்டருக்குள் எதுவும் கூடாது. நம் அடிவாரத் தோப்புகளில் பல அந்த முதல் கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. அங்கே பன்றியைத் தொடக்கூடாது என்றால், அங்கே போன பயிருக்கு முழு இழப்பீடு தாருங்கள். நியாயமான கேள்விதானே?

அடுத்தது, எனக்கு மிகவும் மனம் கொதிக்கிற விஷயம். நிவாரணம் யார் பெயரில் வருகிறது? பட்டாக்காரர் பெயரில். உழுதவர் பெயரில் இல்லை. நம் பகுதியில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் எத்தனை பேர்! வாரத்துக்கு வாங்கி வெள்ளாமை செய்கிறவர்கள் எத்தனை பேர்! தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசி வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்! சேதம் அவர்களுடையது, கடன் அவர்களுடையது, காசோ வெளியூரில் இருக்கிற நிலக்காரரின் வங்கிக் கணக்கில். சில நல்ல மனசுக்காரர்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல மனசை நம்பியா ஒரு குடும்பம் பிழைப்பது? குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் 1969-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். அரை நூற்றாண்டு தாண்டியும் நம்மில் பெரும்பாலோர் அதில் இல்லை. பதிவு செய்தால் நிலக்காரர் வெளியேற்றிவிடுவார் என்ற பயம் உண்மையானது. அந்தப் பயத்தை ஒருவர் தனியாக உடைக்க முடியாது. ஓர் ஊரே சேர்ந்து மனுக் கொடுத்தால் முடியும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் ஏறட்டும். அடங்கலில் யார் பெயரோ, நிவாரணம் அவருக்கு. இரண்டாவது கோரிக்கை இது.

பெண்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கணவர் இறந்து வருடங்கள் ஆகியும் பட்டா அவர் பெயரில், அல்லது மாமனார் பெயரில், அல்லது ஏழு பேர் சேர்ந்த கூட்டுப்பட்டாவில். களை எடுப்பதும் கதிர் அறுப்பதும் அந்த அக்கா. கணக்கெடுப்பு வரும்போது அவருக்கு ஒரு வரி இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் மழை வந்தபின் ஓடினால் முடியாது. இப்போதே மனுப் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவாய்த்துறை கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி எதற்கு இருக்கிறது? அன்றைக்கு நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் போகவேண்டும். கூலிக்குப் போகிற தோழர்களும் நம்மோடு வாருங்கள். வயல் மூழ்கினால் பத்து நாள் வேலை போவது உங்களுக்குத்தான். பயிர் நிவாரணத்தில் உங்களுக்கென்று ஒரு பத்தி இல்லை. நிலக்காரன் கோரிக்கை வேறு, கூலிக்காரன் கோரிக்கை வேறு என்று பிரித்துவைக்க யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

காப்பீட்டில் இருக்கும் ஓட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். காரீப் பயிருக்கு 2 விழுக்காடு, ராபிக்கு ஒன்றரை, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 விழுக்காடு நாம் பிரீமியம் கட்டுகிறோம். ஆனால் விளைச்சல் இழப்பை உங்கள் வயலை வைத்து அளப்பதில்லை. நெல்லுக்கு வருவாய்க் கிராமம், மற்ற பல பயிருக்குப் பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா. அந்த அலகில் சில இடங்களில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அதன் சராசரியை எல்லோர் தலையிலும் வைப்பார்கள். பிர்க்காவின் மேற்குக் கோடியில் மழை அடித்துப்போனது, கிழக்கே தப்பித்தது என்றால் சராசரியில் நம் சேதம் மறைந்துபோகும். அந்தச் சோதனை எந்த வயலில், எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஊரே போய் வரப்பில் நிற்க வேண்டும். நிற்பது நம் உரிமை. நாம் நிற்பதால் யாருக்கும் கோபம் வரத் தேவையில்லை. அளவு சரியாக இருந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே.

உள்ளூர்ச் சேதத்துக்கு, ஆலங்கட்டிக்கோ நிலச்சரிவுக்கோ, இனி காட்டு விலங்குக்கோ, 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம், பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு ஏற்றலாம். மூன்று நாள். நம் பெரியவர்களில் பலரிடம் அந்த மாதிரிப் போன் இல்லை. அடிவாரத்தில் சில இடங்களில் சிக்னலே கிடையாது. எனவே ஒவ்வொரு ஊரிலும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் வயலில் பன்றி புகுந்தது என்றால் பொழுது விடிந்ததும் போய்ப் படம் எடுத்து ஏற்றிவிட வேண்டும். இந்த வேலைக்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம், விழிப்பு மட்டும் வேண்டும். தம்பிகளே, தங்கைகளே, உங்களைத்தான் கேட்கிறேன்.

நம்மில் பலருக்குத் தெரியாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2025-26 வரைக்குமான நிவாரண அளவுகோலில், வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்துவிட்டால், அதை அள்ளச் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தனியாக உண்டு. ஓடை பெருகுகிற நம் அடிவாரத்தில் இதைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்? உங்களிடம் பத்து சென்ட் நிலம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் எழுநூறு ரூபாய்தான் வரும், எதற்கு அலைவது என்று விட்டுவிடாதீர்கள். இறவைப் பயிருக்குக் குறைந்தபட்சம் 2,000 ரூபாய், மானாவாரிக்கு 1,000, பல்லாண்டுப் பயிருக்கு 2,500 என்று அதே அளவுகோலில் விதி இருக்கிறது. மாடோ ஆடோ செத்தால் துக்கத்தில் உடனே புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரவேண்டும், கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதவேண்டும். சிறுத்தை அடித்ததென்றால் உடலை நகர்த்தாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கணக்கெடுப்பு முடிந்தபின் பயனாளிகள் பட்டியலைக் கிராம அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பட்டியல் வெளியே தெரிகிற ஊரில் பொய்ப் பெயர் ஏறாது. நம்மவர்களிலும் விளையாத நிலத்துக்குப் பணம் வாங்குகிறவர்கள் இருந்தால், தோழர்களே, அது அடுத்த வீட்டுக் குடும்பத்தின் சோற்றைப் பிடுங்குவது. நாமே அதைத் தடுக்க வேண்டும்.

கிடைக்கார அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னபின், தலைமுறையாகப் போன பாதைகள் உங்களுக்கு அடைபட்டன. ஊருக்கு ஊர் போகிறவர்களாக இருப்பதால் எந்த ஊர்க் கணக்கெடுப்பிலும் நீங்கள் வருவதில்லை. ஆடு எங்கே செத்ததோ அந்த ஊர் வி.ஏ.ஓ. எழுதவேண்டும் என்று ஓர் ஆணை வேண்டும். நிரந்தர முகவரி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. உங்கள் கோரிக்கை எங்கள் மனுவின் முதல் பக்கத்தில் இருக்கும். எங்கள் வயலுக்கு உரம் தந்தவை உங்கள் ஆடுகள்.

வி.ஏ.ஓ.க்களோடும் வேளாண் அலுவலர்களோடும் நமக்குச் சண்டை இல்லை. ஒருவரே இரண்டு மூன்று கிராமம் பார்க்கிறார், வெள்ளம் வந்த வாரத்தில் தூங்குவதில்லை. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து 30 விழுக்காடு என்று எழுதினால் ஓர் ஊருக்கே ஒன்றும் கிடையாது. வயலில் இறங்கிப் பார்த்து 35 என்று எழுதினால் எல்லோருக்கும் உண்டு. அந்த ஐந்து விழுக்காட்டில் எத்தனை வீட்டு அடுப்பு இருக்கிறது! எனவே அவர்களை வயலுக்கு அழைத்து வருவதும், வயலில் ஆள் இருப்பதும் நம் வேலை.

ஒன்றாக நின்று பெற்ற வரலாறும் நமக்கு இருக்கிறது. இன்று நம் மோட்டார்களுக்குக் கட்டணமில்லாத மின்சாரம் ஓடுகிறதே, அது எப்படி வந்தது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். யூனிட்டுக்கு ஒரு காசு உயர்த்தியதை எதிர்த்து நின்றபோது, 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று உழவர்களைச் சுட்டார்கள். 1972-இல் இன்னும் பலர் பலியானார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு மாட்டுவண்டிகளைத் திரட்டிக்கொண்டு வந்தார். 1990-இல் அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. 2016-17 வறட்சியில் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தும், நெல்லுக்கும் இறவைப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய்தான் வந்தது. அதற்குமேல் கேட்டு நம் டெல்டாத் தோழர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் வெயிலில் கிடந்தார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கேட்காத ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

இது தேர்தல் ஆண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு தொகுதியிலும் கும்பிட்ட கையோடு தெருவுக்கு வருவார்கள். எந்தக் கொடியோடு வந்தாலும் கேளுங்கள்: காட்டு விலங்குச் சேதத்தை மாநிலப் பேரிடராக அறிவிக்க எழுத்தில் உறுதி தருவீர்களா? காப்பீட்டுப் பட்டியலில் யானையையும் காட்டுப்பன்றியையும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டங்களையும் சேர்ப்பீர்களா? உழுபவர் பெயரில் நிவாரணம் தருவீர்களா? இரண்டு ஹெக்டேர் வரம்பை எடுத்து, 20,000 என்பதை அடித்தளமாக வைப்பீர்களா? மரத்துக்கு மரம் வயதுப்படி கணக்கிடுவீர்களா? வாயால் சொன்னால் போதாது, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். கடந்த ஐந்து ஆண்டில் யாருக்கு, எந்தச் சர்வே எண்ணில், என்ன பயிர், எதனால் போனது என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். பழைய போட்டோ, கொடுத்த மனுவின் நகல், வனத்துறை ரசீது, மாட்டுக்கு மருத்துவர் எழுதிய சீட்டு, எது இருந்தாலும் நகல் எடுத்து ஒட்டுங்கள். ஒன்றுமே இல்லாதவர்களுக்குப் பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டைப் படித்துத் தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அதன் நகலோடு, விருதுநகரில் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்குப் பத்துப் பேர் வருகிறோம். காலை முதல் பஸ்ஸில் ஏறுங்கள். பட்டா இருப்பவர் பட்டாவோடும், இல்லாதவர் ஆதாரோடும், ஆட்டுக்காரர் கோலோடும் வரட்டும். நோட்டை மறந்துவிடாதீர்கள்.